தலைக்குள் இருக்கிற கோப்புறை

"எல்லாம் எண்ட தலைக்குள்ள இரிக்கி அண்ணே."

மட்டக்களப்பில் கிராபிக்ஸ் வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம், கையிலுள்ள படத்தின் கோப்புகளை எப்படி அடுக்கி வைத்திருக்கிறீர் என்று கேட்டால் அனேகமாகக் கிடைக்கும் பதில் இதுதான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். கலியாண வீடியோவுக்குத் தலைப்பு ஓட விடுகிறவர், கொழும்பு விளம்பரத்துக்கு முப்பரிமாணப் போத்தல் செய்து கொடுக்கிறவர், கனடாவிலிருந்தும் டுபாயிலிருந்தும் ஒன்லைனில் வரும் துண்டு வேலைகளை எடுத்துச் செய்கிறவர், சொந்தமாக ஒரு அனிமேஷன் குறும்படம் எடுக்க வருடக்கணக்கில் மினக்கெடுகிறவர் எல்லோரும் இந்த விடயத்தில் ஒரே கட்சி. கற்றுக்கொடுக்கிறவர்களிலும் பலர் அதே கட்சிதான். மாயா, பிளெண்டர், ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள்களின் வகுப்புகள் மாதக்கணக்கில் நடக்கின்றன. ஒரு கோப்புக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதற்கு ஒரு பின்னேரம்கூட ஒதுக்கப்படுவதில்லை.

அந்தக் கட்சியின் வாதங்களைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்து வைக்கிறேன். முதலாவது, கோப்புறை ஒழுங்கும் பெயர் விதியும் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் பெரிய ஸ்டூடியோக்களுக்குத் தேவையானவை. நாங்கள் மூன்று பேர், எங்களுக்கு எதற்கு? இரண்டாவது, விதி போட்டால் கலை செத்துப்போகும். மூன்றாவது, தேடுபெட்டி இருக்கிறது, இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. வேண்டியதை அதுவே தேடித் தரும். நான்காவது, இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. தேவை வரும்போது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது என்பதே என் கட்சி. முதலாவது வாதம் தலைகீழாகவும் நிற்கிறது.

முதலில் எங்கள் வீட்டுக் குப்பையைக் கிளறிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மூன்று பேர் சேர்ந்து மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை வைத்து ஐந்து நிமிட அனிமேஷன் ஒன்று தொடங்கினோம். கல்லடிப் பாலம், பறுவ இரவு, வாவியின் நடுவில் ஒரு தோணி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் கிழவர். பாலத்தையும் தோணியையும் செய்த தம்பிக்கு இடையில் கட்டாரில் வேலை கிடைத்தது. லப்டொப்பைக் கையோடு கொண்டுபோனார். ஒரு ஹார்ட் டிஸ்கை எங்களிடம் விட்டுப்போனார். அதைச் செருகிப் படத்தைத் திறந்தால் பாலமும் தோணியும் கிழவரின் சாரமும் பளீரென்று ரோஸ் நிறத்தில் நின்றன. பிளெண்டர் பழகியவர்களுக்கு அந்த ரோஸ் என்னவென்று தெரியும். மேலே போர்த்த வேண்டிய டெக்ஸ்சர் படத்தைச் சொன்ன இடத்தில் காணவில்லை என்று மென்பொருள் முறையிடும் நிறம் அது.

டிஸ்கைத் துழாவினோம். 'தோணி', 'தோணி புதுசு', 'தோணி பைனல்', 'தோணி பைனல் 2', 'இதுதான் பைனல்', 'இதுதான் பைனல் திருத்தினது'. டெக்ஸ்சர் படங்களோ கமரா வைத்த பெயரிலும் வட்ஸ்அப் வைத்த பெயரிலும் அங்குமிங்கும் கிடந்தன. நள்ளிரவில் டோஹாவுக்கு அழைத்தோம். "அண்ணே, கடைசியா எதில செஞ்ச எண்டு எனக்கே ஞாபகமில்ல. தலைக்குள்ளதான் வச்சிருந்தன்" என்றார். அவரில் பிழை பிடிக்க முடியாது. பெயர் இப்படித்தான் வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தப் படம் இன்றும் முடியாமல் கிடக்கிறது.

இனி முதல் வாதத்துக்கு வருகிறேன். மூன்று பேர்தானே என்கிறார்கள். ஆளின் கணக்கு மூன்றாக இருக்கலாம், கோப்பின் கணக்கைப் பாருங்கள். ஐந்து நிமிடப் படம் விநாடிக்கு 24 பிரேம் வீதம் 7,200 பிரேம். ஒவ்வொரு பிரேமையும் பின்னணி, பாத்திரம், நிழல், தண்ணீரில் தெரியும் பிம்பம், மூடுபனி என்று ஐந்து அடுக்காக ரெண்டர் செய்தால் 36,000 படக்கோப்புகள். இது திருத்தமே இல்லாமல் ஒரே தடவையில் முடிந்தால் வரும் கணக்கு. முந்நூறு பேர் செய்தாலும் இதே 36,000தான். முந்நூறு பேருக்கு ஆளுக்கு 120 கோப்பு. எங்களுக்கு ஆளுக்கு 12,000. யாருடைய தலையில் பாரம் கூட?

பெரிய ஸ்டூடியோவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கோப்புப் பாதைகளைக் கவனிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள், பைப்லைன் டீ.டீ. (தொழில்நுட்ப இயக்குநர்) என்று பெயர். அவர் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடினால் புதிய ஷொட்டுக்கு உரிய கோப்புறைகள் தாமாக முளைக்கும். கலைஞர் நினைத்தாலும் பிழையான பெயரில் சேமிக்க முடியாதபடி கதவை அடைத்து வைத்திருப்பார். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்தில் 4,500க்கு மேற்பட்ட கிராபிக்ஸ் ஷொட்கள் என்று விளம்பரப்படுத்தினார்கள். அந்த அளவு வேலையை ஒருவருடைய ஞாபகத்தில் வைத்து நடத்தியிருக்க முடியாது என்பதை எதிர்க்கட்சியும் ஒப்புக்கொள்ளும். நான் கேட்பது வேறு. காவற்காரன் இருக்கிற வீட்டுக்கே இத்தனை பூட்டு என்றால், காவற்காரன் இல்லாத வீட்டை எந்தத் துணிவில் திறந்து போட்டிருக்கிறோம்?

நமது பக்கத்து உண்மை ஒன்றும் இருக்கிறது. இங்கே மூன்று பேர் குழு எந்த நேரமும் இரண்டு பேர் குழுவாகக் கூடியது. ஒருவர் கொழும்புக்குப் போவார், ஒருவர் கட்டாருக்கு, இன்னொருவர் கனடாவுக்குப் பதிந்துவிட்டு விசாவுக்காகக் காத்திருப்பார். ஒருவரும் போகாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு முன் நான் செய்த கோப்பைப் பொறுத்தவரை இன்றைய நானே வேற்றாள்தான். கோப்பின் பெயர் அறையில் இல்லாத ஒருவருக்குச் சொல்லிவைக்கும் சேதி. ஆட்கள் போய்க்கொண்டேயிருக்கும் ஊரில் அந்தச் சேதியை எழுதாமல் விடுவதுதான் சிறுகுழுவின் சுதந்திரமா?

"பக்கப் எடுத்து வைத்தால் போதாதா?" என்பார்கள். 1998இல் பிக்ஸார் ஸ்டூடியோவில் நடந்ததை இத்துறையில் கேள்விப்படாதவர்கள் குறைவு. 'டோய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு பிழையான கட்டளையால் அழிந்துபோனது. பக்கப் நாடாக்களைத் திறந்து பார்த்தால் அவையும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. இந்தக் கதையை 'பக்கப் எடுங்கள்' என்ற புத்திமதியோடு முடித்துவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு நடந்த வேலையைப் பற்றிப் பேச்சு வருவதில்லை. வீட்டுப் பிரதியும் ஸ்டூடியோவில் மிஞ்சியதும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு, ஆயிரக்கணக்கான கோப்புகள் சரிபார்க்கப்பட்டன. ஒரு கோப்பு இரண்டு இடத்திலும் ஒரே பெயரில், ஒரே பாதையில் இருந்தால்தான் அப்படி ஒப்பிடலாம். 'பைனல் 2', 'இதுதான் பைனல்' என்ற பெயர்களோடு பத்துப் பக்கப் எடுத்து வைத்தால் நம்மிடம் இருப்பது பத்து விடுகதை.

சிறிய கையால் பெரிய ஒழுங்கைக் கட்ட முடியுமா என்பவர்களுக்கு நம்மவர்களே காட்டிய உதாரணம் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கிய வேலை. ஒவ்வொரு நூலுக்கும் இதழுக்கும் ஓர் எண். எண்களை நூறு நூறாகப் பிரித்துக் கோப்புறை. 356ஆம் எண் நூல் வேண்டுமானால் நான்காவது நூறின் கோப்புறைக்குள் 356 என்ற கோப்புறை, அதற்குள் 356 என்ற கோப்பு. நூலின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும், ஆசிரியர் பெயரை இரண்டு விதமாக எழுதினாலும், நூல் தன் இடத்தை விட்டு அசையாது. வேலை சிறிதாக இருந்த காலத்திலேயே போட்ட விதி அது. வளர்ந்த பிறகு போடலாம் என்று இருந்திருந்தால் இன்று அங்கே ஒரு நூலைத் தேடி எடுப்பது என்ன பாடாக இருந்திருக்கும்?

இரண்டாவது வாதம் கலையைப் பற்றியது. 'விதி போட்டால் கலை செத்துப்போகும்' என்று வேறெங்காவது சொல்லலாம். மட்டக்களப்பில் நின்று சொல்ல வெட்கப்பட வேண்டும். நமது கூத்து எப்படி மேடையேறுகிறது? அண்ணாவியார் கூத்துக் கொப்பியிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்துக் கொடுப்பார். அதற்குப் பெயரே சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். ஆட்டம் ஒரு நிலைக்கு வந்தபின் சதங்கை அணிதல். எல்லாம் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று அடுக்குப் பார்த்தல். அதன் பின்புதான் அரங்கேற்றம். பேராசிரியர் சி. மௌனகுருவின் ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இந்தப் படிகள் தெரிந்தவையே. வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டம் வேறு, உடை வேறு. பாத்திரத்துக்குப் பாத்திரம் வரவுத் தாளம் வேறு. இவ்வளவு கட்டுக்குள் நின்றுதான் ஓர் ஆட்டக்காரன் விடியவிடிய ஒரு களரியைக் கட்டிப்போடுகிறான்.

இதே படிகளைக் கணினிக்குள் கொண்டுவந்தால் பைப்லைன். மொடல் செய்கிறவர் தன் வேலை முடிந்ததென்று வெளியிடுகிறார்; ரிக் (அசைவுக்கான எலும்புக்கூடு) செய்கிறவர் அதை எடுக்கிறார்; அசைவூட்டுகிறவர் ரிக்கை எடுக்கிறார்; ஒளியமைக்கிறவர், கொம்ப் (அடுக்குகளை ஒன்றாக இணைத்தல்) செய்கிறவர் என்று போகிறது. செய்துகொண்டிருக்கிற கோப்புக்கு ஒரு கோப்புறை, வெளியிட்ட கோப்புக்கு வேறொன்று. இந்தப் பிரிவு ஒன்றுதான் முக்கியம். பழக்கத்தில் எத்தனை தடவையும் தடக்கலாம், விழலாம், புதிதாக ஒரு துள்ளலைச் சேர்த்துப் பார்க்கலாம். அரங்கேறியதை யாரும் இரகசியமாக மாற்றக்கூடாது. துணிந்து கெடுத்துப் பார்க்கிற உரிமை கலைஞனுக்கு எங்கிருந்து வருகிறது? நேற்றைய பதினேழாம் வெர்ஷன் பத்திரமாக இருக்கிறது என்ற நிச்சயத்திலிருந்து வருகிறது. அந்த நிச்சயம் இல்லாதவன்தான் 'பைனல்' கோப்பைத் தொடப் பயந்துகொண்டு கொப்பிக்கு மேல் கொப்பி எடுக்கிறான்.

பெயர் வைப்பதே கலைக்குப் புறம்பான குமாஸ்தா வேலை என்கிறவர்கள் வாவியைச் சுற்றி ஒரு தடவை போய்வரட்டும். நொச்சிமுனை, தாழங்குடா, புளியந்தீவு, கிரான்குளம், பாலமீன்மடு. ஒவ்வொரு பெயரின் வாலும் அந்த நிலம் என்ன வகை என்று சொல்கிறது: முனை, குடா, தீவு, குளம், மடு. தலை அதே வகையிலுள்ள மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஊருக்குப் புதிய தோணிக்காரனுக்கும் இந்தப் பெயர்கள் திசை காட்டியிருக்கும். இவற்றை வைத்தவர்களுக்குக் கற்பனை குறைவு என்று யார் சொல்வார்?

மூன்றாவது, தேடுபெட்டி. 'தோணி' என்று தேடினால் பதினான்கு கோப்புகள் வரும். எது சரியானது என்று தேடுபெட்டி சொல்லாது. அதைவிடப் பெரிய ஓட்டை, கோப்பைத் தேடுகிறவர் மனிதர் மட்டும்தான் என்ற நினைப்பு. படத்தின் கோப்புகளை அதிகம் படிப்பது இயந்திரம். பிளெண்டர் கோப்புக்குள் டெக்ஸ்சரின் பாதை எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் அந்தப் பாதையில் நேரே போகும், அங்கே இல்லாவிட்டால் ரோஸ். ஆப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் வானவில் பட்டைகள். ரெண்டர் செய்த பிரேம்களைக் கொம்ப் மென்பொருள் ஒரு பெயரும் ஓடுகிற எண்ணுமாகத்தான் வாசிக்கிறது. நடுவில் ஒரு பிரேமின் பெயர் பிசகினால் படத்தில் அந்த இடத்தில் ஓட்டை.

இன்னொரு பொறியும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து பெரிதா சிறிதா என்பது நம் கண்ணில் சட்டென்று படுவதில்லை. விண்டோஸும் அதைப் பொருட்படுத்தாது. படத்தை ரெண்டர் பண்ணும் கணினிகளில் ஓடுவதோ பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு இரண்டும் இரண்டு கோப்பு. வீட்டில் சரியாக ஓடிய படம் ரெண்டர் பார்மில் ரோஸாக வருவதற்கு இந்த ஓர் எழுத்துப் போதும்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்க்கும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அது படத்தைப் பார்த்து 'இது தோணி' என்று சொல்லும். பழுது பார்த்த தோணி, பாசி பிடித்த தோணி என்றுகூடப் பிரிக்கும். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் இயக்குநர் 'இதை வைப்பம்' என்று சொன்ன தோணி எது? அந்த முடிவு படத்தின் எந்தப் புள்ளியிலும் இல்லை. இரண்டு மனிதருக்கிடையில் வாய்ப்பேச்சாக நடந்தது. யாராவது ஒருவர் அதைப் பெயரிலோ கோப்புறையிலோ பதிவேட்டிலோ எழுதியிருந்தால் இயந்திரம் வாசிக்கும். எழுதாததை எந்த நுண்ணறிவும் வாசிக்காது.

நான்காவது வாதம் மென்பொருள். முன்பு ஷொட்கிரிட் என்று அழைக்கப்பட்ட கருவி, எஃப்ட்ராக், திறந்த மூலமாகவே கிடைக்கும் கிட்சு என்று ஷொட்களைக் கண்காணிக்கும் கருவிகள் இருக்கின்றன. நல்ல கருவிகள்தான். ஆனால் கோப்புகளை அவற்றோடு இணைக்கப்போனால் முதலில் எழும் கேள்வி இது: உங்கள் கோப்பின் பெயர் எந்த வரிசையில் அமையும்? அதற்குப் பதில் இல்லாதவருக்கு மென்பொருள் விலைகூடிய குப்பைக்கூடை.

சரி, விதி எப்படி இருக்க வேண்டும்? நம் சட்டைப்பைக்குள்ளேயே ஒரு பாடம் கிடக்கிறது. தேசிய அடையாள அட்டையின் பழைய எண்ணில் பிறந்த வருடத்துக்கு இரண்டு இலக்கம், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதற்கு மூன்று இலக்கம், பெண்ணானால் அதோடு 500 கூட்டல், பிறகு தொடரெண். 2000க்குப் பின் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வரவும் இரண்டு இலக்க வருடம் போதவில்லை. 2016இலிருந்து வருடத்துக்கு நான்கு இலக்கமாக்கிப் பன்னிரண்டு இலக்க எண் கொடுக்கிறார்கள். எண்ணுக்கு எத்தனை இடம் விட வேண்டும் என்பதை முதலே யோசிக்காவிட்டால் பிறகு நாடு முழுவதும் மாற்ற வேண்டிவரும். ஷொட்டும் அப்படித்தான். 1, 2, 10 என்று எண்ணிட்டால் பல மென்பொருள்கள் 1க்கு அடுத்து 10ஐ வைத்துவிட்டு 2க்கு வரும். 001, 002, 010 என்று முன்னால் சுழியம் போட்டால் தொல்லை இல்லை. பல ஸ்டூடியோக்கள் ஒவ்வொரு ஷொட்டின் முதல் பிரேமையும் 1001 என்று தொடங்குவதும் இடம் விட்டு வைப்பதற்காகவே. முன்னால் பத்துப் பிரேம் கூட்ட வேண்டுமென்றாலும் எண் மைனஸுக்குப் போகாது.

ஷொட்களுக்கு 010, 020, 030 என்று பத்துப் பத்தாக எண்ணிடுங்கள். இடையில் புதிய ஷொட் வந்தால் 015. அப்படி இடைவெளி விடாததால் வருவதை நம் ஒழுங்கைகளில் பார்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க 45ஆம் இலக்க வீடு 45/1 ஆகி, 45/2 ஆகி, தபாற்காரர் ஒழுங்கைக்குள் அலைகிறார். அந்தச் சாய்கோட்டைக் கோப்புப் பெயரில் வைக்கவும் முடியாது. கணினிக்கு அது கோப்புறையைப் பிரிக்கும் அடையாளம்.

பெரியது முன்னே, சிறியது பின்னே வரட்டும்: படம், காட்சி, ஷொட், வேலை, வெர்ஷன். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுப் பிள்ளையின் பெயரைப் பின்னே எழுதுகிறவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. திகதி போடுவதானால் இங்குள்ள அரசாங்கக் கடிதங்களில் போல வருடம், மாதம், நாள் என்ற வரிசை; பெயரால் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். 'பைனல்' என்ற சொல்லைத் தடைசெய்யுங்கள். வெர்ஷனுக்கு எண் மட்டும் போதும். எது முடிவானது என்பதை வெளியீட்டுக் கோப்புறை சொல்லட்டும்.

இங்கே என் பக்கத்தவர்கள் சிலரோடும் எனக்குச் சண்டை உண்டு. எல்லாப் பெயரும் ஆங்கிலச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். தமிழ் எழுத்தில் கோப்புப் பெயர் வைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் இருப்பது உண்மை. யுனிகோட்டில் 'மட்டக்களப்பு' பன்னிரண்டு குறிகள், யூ.டீ.எஃப் 8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 36. ஆங்கில எழுத்தில் அதே ஊருக்கு 10 பைட். லினக்ஸில் ஒரு பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட். 'கொக்கட்டிச்சோலை' இன்னும் வில்லங்கம். கொ, சோ இரண்டிலும் கொம்பையும் அரவையும் ஒரே குறியாகச் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். ஒரு கணக்கில் 15 குறி, மறு கணக்கில் 17. பழைய மக் கணினிகளின் கோப்பு முறைமை பிரித்தே வைக்கும். கண்ணுக்கு ஒரே பெயர். லினக்ஸுக்கு இரண்டு கோப்பு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தலைப்பை அப்படியே பெயராக ஒட்டினால் கதை இதைவிட மோசம். பாமினியில் குற்று என்பது உள்ளே ஆங்கில அரைப்புள்ளி. லினக்ஸ் கட்டளைத் திரையில் அரைப்புள்ளி என்றால் 'இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு' என்று பொருள்.

ஆகவே எழுத்து ஆங்கிலமாக இருக்கட்டும். சொல் ஏன் ஆங்கிலமாக இருக்க வேண்டும்? தோணி, வள்ளம், ஓடம் மூன்றையும் 'போட்' என்று எழுதினால் பெயர் தெளிவடையுமா, குழம்புமா? தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதலாம், ஒரு நிபந்தனையோடு: எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்க வேண்டும். தோணியை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் கிரிக்கெட் தோனியின் எழுத்திலும் எழுதினால் படத்தில் இரண்டு தோணி மிதக்கும். அதற்காகத்தான் வேலை தொடங்குமுன் ஒரு சொற்பட்டியல். 1930களில் தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்கும் முயற்சியில் முன்னின்றவர் இந்தக் கிழக்குக் கரையைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர். ஒரு பொருளுக்கு எல்லோரும் ஒரே சொல்லைப் புழங்க வேண்டும் என்ற அந்தக் கவலைதான் நம் கவலையும்; அளவுதான் சிறிது.

பெயரின் அழகு போய்விடும் என்று வருந்துகிறவர்கள் கடற்கரையில் நிற்கும் படகுகளைப் பார்க்கட்டும். ஒரு பக்கத்தில் சாமி பெயரோ பிள்ளை பெயரோ வர்ணத்தில் எழுதியிருக்கும். கூடவே கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு: படகின் வகையைச் சொல்லும் எழுத்துகள், தொடரெண், மாவட்டத்தைச் சொல்லும் எழுத்துகள். மீனவர் அழைப்பது முதற்பெயரை, பதிவேடு அறிவது இரண்டாவதை. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. உங்கள் ஷொட்டையும் 'கிழவர் காது வைக்கிற இடம்' என்றே சொல்லுங்கள். கோப்பில் மட்டும் எண் இருக்கட்டும்.

எதிர்க்கட்சிக்கு ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். விதி என்ற பெயரில் ஹொலிவூட் ஸ்டூடியோவின் அறுபது எழுத்துப் பெயரையும் பன்னிரண்டு அடுக்குக் கோப்புறையையும் அப்படியே இறக்குமதி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸில் ஒரு முழுப்பாதைக்கு வழக்கமான எல்லை 260 எழுத்து. அடுக்கு கூடினால் சில மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும். கடைப்பிடிக்கக் கஷ்டமான விதியை மனிதர்கள் உடைப்பதில்லை, சுற்றிப் போவார்கள். எல்லாக் கோப்பும் டெஸ்க்டொப்பில் வந்து விழும். அப்படியான விதியை எதிர்க்கிறவர்களோடு நானும் நிற்பேன். அதைக் காட்டி விதியே வேண்டாம் என்பவர்களோடு நிற்க மாட்டேன். மூன்று பேர் குழுவுக்கு ஒரு பக்கம் போதும்: ஐந்தாறு கோப்புறை, பெயருக்கு ஒரு வரிசை, ஒரு சொற்பட்டியல். அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

கற்றுக்கொடுக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடநெறியின் முதல் நாளில், கணினியை முடுக்குமுன், ஒரு மணித்தியாலம் இதற்கு ஒதுக்குங்கள். கடைசி நாளில் ஒரு பரீட்சை வையுங்கள். ஒவ்வொருவரும் தன் படத்தின் முழுக் கோப்புறையையும் அதுவரை பார்க்காத இன்னொரு மாணவரிடம் கொடுக்கட்டும். தொலைபேசி அழைப்புக் கூடாது, வட்ஸ்அப் கூடாது. அடுத்த நாள் காலைக்குள் அவர் அந்தப் படத்தைத் திறந்து, ரோஸ் நிறம் இல்லாமல் ஒரு ஷொட்டை ரெண்டர் செய்து காட்டினால் கோப்பைக் கொடுத்தவருக்குச் சித்தி. எங்கள் பாடும் மீன் படத்துக்கு அந்தப் பரீட்சையை வைத்தால் நாங்கள் மூன்று பேரும் தோல்வி.